பலகை எடை

"மாத்திரை ஒழுங்கா உள்ளே போகுதா?"

டாக்டரம்மா கேட்டது என்னை. பார்த்தது என் மகளை. அவள் மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து டக் டக்கென்று வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"போகுதும்மா. தினமும் சாயங்காலம் ஏழு மணி. நானே தண்ணியில கரைச்சுக் குடுக்குறேன். மீதி மாத்திரையை எண்ணிப் பாருங்க, ஒண்ணு கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது."

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. டப்பாவை விட்டு வெளியே வர்றது வேற, வயித்துக்குள்ள போறது வேற." நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "ஆறு மாசத்துக்கு முந்தி பதினெட்டே முக்கால் கிலோ. அடுத்த தடவை பதினேழரை. இன்னைக்குப் பதினேழே முக்கால். வளர்ற பிள்ளை கூடிக்கிட்டுல்ல போகணும்? ஆளைப் பார்த்தா இளைச்ச மாதிரி தெரியல. ஆனா எடை இப்படி இருக்கு."

நோட்டிலிருந்த எண்களை விரல் வைத்து மறுபடி படித்தேன்.

"பயப்படாதீங்க. ரத்தத்துல கிருமி எவ்வளவு இருக்குன்னு பார்த்துடுவோம். ரெண்டு வாரத்துல முடிவு வந்துடும். ஏறியிருந்தா, மருந்து சரியாப் போகலைன்னு அர்த்தம். இல்லேன்னா கிருமி இந்த மருந்துக்குப் பழகிப்போச்சு. அப்படின்னா வேற மருந்துக்கு மாத்தணும். மாத்தலாம், ஆனா கையில இருக்கிற வழி ஒவ்வொண்ணாக் குறைஞ்சுக்கிட்டே போகும். இவளுக்கு ஒன்பது வயசுதான் ஆகுது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பிள்ளைங்க மருந்தை ஒளிப்பாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல. அலுத்துப்போகும். திட்டாம கவனிங்க."

திட்டாமல் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்ததா இல்லையா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். கவனிங்க என்பது மட்டும் நன்றாக விழுந்தது.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். என் மனைவி துணி தைக்கும் கூடத்தில் பொத்தான் வைக்கிறவள். எங்கள் இருவருக்கும் இந்தக் கிருமி இருக்கிறது. இருப்பது தெரிந்ததே மகள் மூலமாகத்தான். ரெண்டு வயதில் அவளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். கையில் தூக்கினால் காலி சாக்கு மாதிரி இருப்பாள். ஊர் ஊராக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது என் மனைவியை ஒரு ரத்தப் பரிசோதனைக்குக்கூட நான் கூட்டிப் போகவில்லை. போயிருந்தால் மருந்து கொடுத்துப் பிள்ளைக்கு வராமலே தடுத்திருக்கலாமாம். அதை அறிந்த நாளிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும்.

மருந்து தொடங்கிய ஒரே வருஷத்தில் பிள்ளை தேறிவிட்டாள். பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. கிடங்கில் அவளுக்குச் சில்வண்டு என்றே பெயர். அந்த மருந்து டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருத்தனிடம் நீட்டிக் கேட்க முடியாது பாருங்கள், அதற்காகத்தான் நாற்பத்தோரு வயதில் எழுத்துக் கூட்டப் பழகினேன். கூட்டல் கழித்தல் அதற்குப் பிறகு வந்தது.

சில்வண்டுக்கு நோயின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. ரத்தத்தில் ஒரு பூச்சி தூங்குகிறது, ஏழு மணி மருந்து தவறினால் விழித்துக்கொள்ளும் என்று சொல்லி வைத்திருந்தோம். அம்மாவும் அப்பாவும் எதற்காக மாத்திரை போடுகிறார்கள் என்று கேட்டால், "சத்துக்கு" என்போம்.

அன்று சாயங்காலமே என் காவல் தொடங்கிவிட்டது. மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு முன்னாலேயே நின்றேன். பழ வாசனை அடிக்கும் மருந்து. குடித்தாள்.

"வாயைத் திற."

"எதுக்குப்பா?"

"திறன்னா திற. ஆ. நாக்கைத் தூக்கு."

தூக்கினாள். "என் கடைவாய்ப் பல்லு ஆடுதே, அதையா பாக்குறே?" என்று வாயைத் திறந்தபடியே கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடிக்கச் சொன்னேன். அதற்கு மறுநாள் அவள் குடித்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள். கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தேன். கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். ஜன்னலில் இருந்த செடித்தொட்டியின் மண்ணைக் கிளறி மோந்து பார்த்தேன். வேலைக்குப் போனாலும் மனம் கிடங்கில் நிற்காது. ஒருநாள் படியில் பாதி ஏறியவன் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த நெட்டையன் கத்தினான்.

"யோவ், மூட்டையைத் தூக்குறியா, தாலாட்டுறியா? அது எப்பவோ தூங்கிருச்சு, இறக்கி வை!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

என் மனைவிதான் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. மகளின் பள்ளிச் சட்டையைப் பிரித்துத் தைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இது போன வருஷச் சட்டை. தோள்ல இறுக்குது, கை மேல ஏறிக்கிச்சு. இளைச்ச பிள்ளைக்குச் சட்டை எப்படிங்க இறுக்கும்?"

"உயரம் போட்டிருப்பா. சதை இல்ல."

"தூக்கிப் பாருங்க. முதுகு பிடிச்சுக்கும்."

"எடையை நான் போட்டேன். உன் ஊசியை விட எனக்கு அது தெரியும்."

அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் பதினெட்டே முக்கால் என்று எழுதியது ஆஸ்பத்திரி இயந்திரம். அடுத்த தடவை போனபோது அது பழுதாகிவிட்டது. வெளியே எங்காவது பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். "சிஸ்டர், நான் வேலை பாக்குறதே எடை போடுற இடத்துல. கிராம் பிசகாமக் கொண்டாறேன்," என்றேன் பெருமையாக. கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடைக்காரர் எழுந்து போனதும், மூட்டை வைக்கும் மரப்பலகைமேல் மகளை ஏற்றி நிறுத்துவேன். பலகை மூன்று கிலோ என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய தராசு இருந்த காலத்தில் எடைக்காரர் ஒவ்வொரு மூட்டைக்கும் "பலகை போக நாற்பத்தேழு, பலகை போக ஐம்பது" என்று கத்துவார். நானும் சிவப்பு விளக்கில் வரும் எண்ணைப் பார்த்து, மூன்றைக் கழித்து, சீட்டில் எழுதி நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். நானே கழித்து, நானே எழுதிய சீட்டு. மூன்று மாதத்துக்கு முந்திய அந்தத் தடவைக்கு மட்டும் அல்ல, இயந்திரம் மறுபடி பழுதான இந்தத் தடவைக்கும் சேர்த்து.

ஒன்பதாம் நாள் வீட்டுக்குள் நுழைந்தேன். ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. சில்வண்டு பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றாள். கையில் அவள் மருந்துக் கோப்பை. தொட்டியில் வெள்ளையாக ஏதோ வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தேன். மூட்டை பிடிக்கிற கை என் கை. எவ்வளவு அழுத்தம் என்று அதற்குத் தெரியாது.

"கொட்டிட்டியா? எத்தனை நாளா கொட்டுறே?"

"கொட்டலப்பா, நானே கரைக்கலாம்னு கோப்பையை..."

"பொய் சொல்லாதே! செத்துப்போகணும்னு ஆசையா உனக்கு? செத்துடுவே, தெரியுமா? செத்துப்போயிடுவே!"

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பின்னாலிருந்து என் மனைவி வந்து கையை விடுவித்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அது சோப்புத் தண்ணி," என்றாள். "கோப்பை கழுவச் சொன்னது நான். மருந்து டப்பா மேல அலமாரியில இருக்கு, உங்க கை மட்டுந்தான் எட்டும். எண்ணிப் பாருங்க. நல்லா எண்ணுங்க."

எண்ணினேன். சரியாக இருந்தது. சரியாக இருந்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. அப்படியானால் பிள்ளை ஏன் இளைக்கிறாள்? மருந்து கேட்கவில்லை என்றால் அது இன்னும் மோசம் அல்லவா? வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"ஒரு இடத்துல உட்காருங்களேன். தரை தேயுது," என்றாள் என் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

அன்றிலிருந்து சில்வண்டு சத்தம் நின்றது. என்னை அப்பா என்று கூப்பிடுவதையும் நிறுத்தினாள். ஏழு மணிக்கு நான் கேட்காமலே குடித்துவிட்டு, நான் கேட்காமலே வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டி, மூடிக்கொண்டு போனாள். மணிக்கட்டில் என் விரல் பதிந்த இடம் ரெண்டு நாள் சிவந்திருந்தது. சட்டைக்கையை இழுத்து அதை மறைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள்.

முடிவு வரும் நாளுக்கு முந்தின நாள் பள்ளி விடுமுறை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குமுன் இன்னொருமுறை எடை பார்த்துவிட வேண்டும் போல் இருந்தது எனக்கு. கால் கிலோ கூடியிருந்தால்கூடப் போதும். மதியம் கிடங்குக்கு அழைத்துப் போனேன். எடைக்காரர் நாற்காலி காலி. ஆட்கள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏறு."

அவள் ஏறவில்லை. குனிந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். "இதுல ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு. போன தடவையே குத்துச்சு," என்றாள். என்னிடம் அல்ல, பலகையிடம் சொல்வதுபோல. இரண்டு கையாலும் அதை இழுத்துக் கீழே சாய்த்தாள். வெறும் இரும்புத் தட்டு மேல் ஏறப் போனவள் ஏறாமல் நின்றாள்.

"இது கெட்டுப்போயிருக்கு."

"என்ன?"

"மேல ஒண்ணுமே இல்ல. ஆனா மூணுன்னு காட்டுது. முன்னால ஒரு கோடு வேற போட்டிருக்கு."

பார்த்தேன். சிவப்பு எண். ஒரு சின்னக் கோடு, மூன்று, புள்ளி, சுழி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பலகையை மறுபடி தூக்கி வைத்தாள். எண் சுழியாயிற்று. எடுத்தாள். கோடு போட்ட மூன்று. வைத்தாள். சுழி.

"கோடு போட்டா கழிச்சதுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. பலகையை அதுவே கழிச்சு வச்சிருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "நீயும் கழிப்பேல்ல?"

அதற்குள் எடைக்காரர் பல் குத்திக்கொண்டே வந்தார். "என்னய்யா, அப்பனும் மகளும் என் பலகையை வச்சு ஊஞ்சலாடுறீங்க?"

"ஐயா, இது பலகையோட எடையைச் சேர்த்தா காட்டுது?"

"சேர்த்தா? இந்த மிஷின் வந்த அன்னைக்கே பலகையைக் கழிச்சுப் பூட்டி வச்சாச்சு. ரெண்டு வருஷமா நான் பலகை போகன்னு ஒரு தடவையாவது கத்துறேனா? அந்தக் கத்தல் மிச்சமானதுலதான் என் தொண்டையே பிழைச்சுக் கிடக்கு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மூட்டைக்கு அடியில் இருக்கிறவன் தலை நிமிர்ந்து எண்ணைப் பார்ப்பதில்லை. கத்தல் நின்றது காதில் பட்டது. ஏன் நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை.

சில்வண்டு பலகைமேல் ஏறி நின்றாள். இருபத்தொன்று. கழிக்க ஒன்றும் இல்லை. இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

மறுநாள் மூவரும் போனோம். ஆஸ்பத்திரியில் புது இயந்திரம் வந்திருந்தது. நர்ஸம்மா ஏற்றிப் பார்த்துவிட்டு, "இருபத்தொண்ணு! இது எப்படி?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். டாக்டரம்மாவிடம் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, கழித்தது, மறுபடி கழித்தது. சொல்லும்போதே இத்தனை சின்ன விஷயமா என்று இருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டு தடவை சீட்டை வாங்கி எழுதிக்கிட்டோமே, எங்க மேலயும் தப்பு. நாங்களே நிறுத்துப் பார்த்திருக்கணும். இருபது கிலோ தாண்டினா மருந்தோட அளவு மாறும். மூணு மாசத்துக்கு மேல இவ எடைக்குக் கம்மியான மருந்துல இருந்திருக்கா."

"முடிவு என்னம்மா ஆச்சு?" என்று என் மனைவி கேட்டாள். அவள் விரல்கள் மகளின் தோளில் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன.

"போன வருஷம் கிருமி கண்ணுக்கே படல. இப்ப கொஞ்சம் தெரியுது. பெரிய எண் இல்ல. மருந்து பத்தாததால இருக்கலாம். சில சமயம் சும்மா தலையைக் காட்டிட்டு அடங்குறதும் உண்டு. எதுன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. இன்னைக்கே அளவை மாத்துறேன். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்."

"மூணு மாசத்துல நான் செத்துருவேனா?"

சில்வண்டு கேட்டது டாக்டரம்மாவை.

"யார் சொன்னது?"

"இவரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். சொல்லிவிடலாமா என்று எங்களைக் கண்ணால் கேட்டார். என் மனைவி தலையசைத்தாள்.

"சாக மாட்டே. உன் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. அதுக்குப் பேரு எச்.ஐ.வி. நோய் வந்தா எதிர்த்து நிக்கிற சக்தி உடம்புல இருக்கு பாரு, அதை இது தின்னுடும். மருந்து தினமும் போனா அதால ஒண்ணும் பண்ண முடியாது. நீ படிக்கலாம், ஓடலாம், வேலைக்குப் போகலாம், பாட்டியாகிப் பல்லு கொட்டுற வரைக்கும் இருக்கலாம். கூட உட்கார்ந்தா, ஒரே தட்டுல சாப்பிட்டா, கட்டிப் பிடிச்சா யாருக்கும் ஒட்டாது."

"பூச்சின்னு சொன்னாங்க."

"சின்னப் பிள்ளைன்னு அப்படிச் சொல்லியிருப்பாங்க."

"எங்க இருந்து வந்துச்சு?"

"என்கிட்ட இருந்துடி," என்றாள் என் மனைவி. "நீ பொறக்கும்போது. எனக்கு இருக்குன்னு எனக்கே அப்ப தெரியாது."

சில்வண்டு அம்மாவை உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் விரலை நீட்டி, "இவருக்கு?" என்றாள்.

"எனக்கும்தான்."

"அப்ப சத்து மாத்திரை இல்லையா அது?"

"இல்ல."

"மூணு பேரும் ஒரே மருந்துக்காரங்க. என்கிட்ட மட்டும் பூச்சிக்கதை," என்றாள். ஆறு நாளுக்குப் பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து அவள் பேசிய பேச்சு அதுதான். பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பி முறையிட்டாள்: "நான் ஒருநாள்கூடக் கொட்டல. இவரு கொட்டினேன்னு சொன்னாரு."

"கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா என்னிடம்.

"கேட்டேன்," என்றேன். அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் கூட்டிக் கூட்டி வைத்திருந்தேன். "நான்தான் தப்பாக் கழிச்சேன். நீ ஒண்ணும் பண்ணல," என்பதோடு அது தீர்ந்துவிட்டது.

அவள் மறுபடி ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணி. இனிமேல் கரைக்கிற மாத்திரை இல்லை. எங்களுடையதைப் போலவே பெரியது; பழ வாசனையும் கிடையாது. மூன்று தம்ளர் தண்ணீரை வரிசையாக வைத்தாள் என் மனைவி. அவள் போட்டுக்கொண்டாள். நான் போட்டுக்கொண்டேன்.

"ஆ காட்டு," என்றாள் சில்வண்டு.

திறந்தேன்.

"நாக்கைத் தூக்கு. இன்னும். அந்தப் பக்கம்." எட்டி எட்டிப் பார்த்தாள். "உள்ள எல்லாம் ஒரே கறை. மூடு." என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில்வண்டு தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். "என்னது, இவ்வளவு பெருசு."

"நாக்குக்குப் பின்னால வச்சு..." என்று நான் ஒரு அடி முன்னால் போனேன்.

"நீ சுவரைப் பாத்து நில்லு."

நின்றேன். பின்னால் தண்ணீர் மடக்கென்று இறங்கும் சத்தம். இருமல். ஓங்கரிப்பு. மாத்திரை தட்டில் விழுந்து உருளும் ஒலி. "மெதுவா, மெதுவா," என்று அவள் அம்மா. மறுபடி தண்ணீர். மறுபடி இருமல். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கையிரண்டையும் சுவரில் ஊன்றிக்கொண்டேன். கண்ணெதிரே காலண்டர். மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியை மதியமே வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதுவரை எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்து, நடுவில் விட்டு, முதலிலிருந்து எண்ணினேன்.

பின்னால் சத்தம் அடங்கியிருந்தது. உள்ளே போய்விட்டதா, கையிலேயே இருக்கிறதா, தெரியவில்லை.

"திரும்பிப் பாக்காதப்பா," என்றாள். "நானே சொல்றேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.